வாத்தியார்களும் ஊர்ப் பசங்களும்: ஒரு நட்புக் கூடைப்பந்து ஆட்டத்தின் நிகழ்வு ஆய்வு

காட்பாடிப் பக்கத்துப் பள்ளி ஒன்றில், ஆசிரியர் தின வாரத்தின் சனிக்கிழமை மாலை, ஆசிரியர்களுக்கும் ஊர் ஆட்டக்காரர்களுக்கும் நட்பு ஆட்டம் வைத்தார்கள். பள்ளியின் பெயரோ ஆட்களின் பெயரோ இந்த ஆய்வுக்குத் தேவையில்லை. ஊர் அணி 50-30 என்று வென்றது. அந்த முடிவைவிட, பகுதிவாரியான கணக்குதான் கவனிக்க வேண்டியது: 19-4, 10-8, 12-7, 9-11. முதல் பகுதியைத் தனியே எடுத்து வைத்துவிட்டால் மிச்ச மூன்று பகுதிகளில் 31-26. ஆட்கள் மாறவில்லை, பந்து மாறவில்லை, தரை மாறவில்லை. முதல் பகுதி முடிந்ததும் ஸ்கோர் மேசையைச் சுற்றி நின்று பேசி எடுத்த சில முடிவுகள்தான் ஆட்டத்தை மாற்றின. அதே முடிவுகளை வெள்ளிக்கிழமையே எடுத்திருந்தால், ஐம்பத்தொரு வயதுக் கணக்கு ஆசிரியரின் கெண்டைக்கால் சதை பிழைத்திருக்கும்.

நட்பு ஆட்டம்தானே, பேசுவதற்கு என்ன இருக்கிறது என்று யாரும் விதிகளைப் பேசாமலே இறங்கினார்கள். இந்த வகை ஆட்டங்களில் வரும் பெரும்பாலான சிக்கலுக்கு அதுதான் வேர். டோர்னமெண்ட் ஆட்டத்தில் இரண்டு அணிக்கும் ஏறக்குறைய ஒரே வயது, ஒரே வேகம். அதை நம்பித்தான் விதிப்புத்தகம் எழுதப்பட்டிருக்கிறது. இருபது வயதுக்காரரும் ஐம்பது வயதுக்காரரும் எதிரெதிரே நிற்கும்போது அந்த நம்பிக்கை உடைந்துபோகிறது. யாராவது உட்கார்ந்து விதியைச் சரிக்கட்டித்தான் ஆக வேண்டும்.

இரண்டு அணிகள்

ஆசிரியர் அணியில் பதினொரு பேர். வயது 27 முதல் 56 வரை. மூன்று பேர் பெண்கள். சிறுவயதில் ஒழுங்காக ஆடியவர்கள் மூவர்தான்: கல்லூரி அணிக்கு ஆடிய தலைமை ஆசிரியர், கல்லூரிப் பெண்கள் அணியில் இருந்த சமூக அறிவியல் ஆசிரியை, பாலிடெக்னிக் நாட்களில் ஆடிய கணினி ஆசிரியர். மற்றவர்கள் வாலிபால், கிரிக்கெட் ஆட்கள், இல்லையென்றால் நடைப்பயிற்சி மட்டும் செய்கிறவர்கள்.

ஊர் அணியில் எட்டுப் பேர், 17 முதல் 30 வயது வரை. கல்லூரி மாணவர்கள், ஒரு டூ-வீலர் மெக்கானிக், ராணிப்பேட்டை ஷூ கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கும் இருவர். தினமும் காலை ஆறு மணிக்குத் தரையில் இருப்பவர்கள். இவர்களில் ஐந்து பேர் அதே பள்ளியின் பழைய மாணவர்கள். இதை நல்ல விஷயம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் தடுப்பாட்டத்தில் இது ஒரு விசித்திரமான ஆபத்தைக் கொண்டுவந்தது.

தன்னை எட்டாம் வகுப்பில் நிற்க வைத்த ஆசிரியரை நெருங்கி மறிக்கப் பையனுக்குக் கூச்சம். ஓர் எட்டு தள்ளியே நிற்கிறான். "எடுங்க சார், எடுங்க" என்று வழிவிடுகிறான். ஆசிரியர் தாண்டிப் போனதும் பழக்கம் விழித்துக்கொள்கிறது. கால் ஏற்கெனவே பின்தங்கிவிட்டதால் கை மட்டும் நீள்கிறது. முதல் பகுதியில் ஊர் அணி செய்த நான்கு ஃபவுல்களில் மூன்று இப்படிப் பின்னாலிருந்து நீட்டிய கை. ஒன்று தமிழ் ஆசிரியரின் சுண்டுவிரலைப் பதம் பார்த்தது. மரியாதைக்காகத் தள்ளி நின்று தடுப்பதைவிட, காலை நகர்த்தி மார்பை நேராக வைத்துத் தடுப்பதுதான் எதிரே வருகிறவருக்குப் பத்திரம். ஊர் அணித் தலைவர் இரண்டாம் பகுதியில் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்: "கைய நீட்டாதடா, கால நகத்து."

தரை, கோடு, ரிங்

சிமெண்ட் தரை. கிழக்கு மேற்காகப் போட்டது. திறந்தவெளித் தரையை வடக்கு தெற்காகப் போட்டால்தான் மாலை வெயில் யார் கண்ணிலும் நேராக அடிக்காது. இங்கே நாலரை மணியிலிருந்து ஏறக்குறைய ஐந்தே முக்கால் வரை மேற்கு ரிங்கைப் பார்த்து எறிகிறவருக்கு வெயில் முகத்தில். முதல் பாதியில் அந்த ரிங்கை நோக்கி ஆடியது ஆசிரியர் அணி. இதைப் பூவா தலையா போட்டு முடிவு செய்திருக்க வேண்டும், அல்லது ஊர் அணியை முதலில் வெயிலைப் பார்த்து ஆடச் சொல்லியிருக்க வேண்டும். பாதி ஆட்டத்தில் கூடை மாறும்போது வெயிலும் தணிந்துவிடுகிறது என்பதால், வெயிலின் சுமை முழுவதும் ஓர் அணியின் மேல் விழுந்தது.

ரிங்கின் உயரம் 3.05 மீட்டர். கிழக்கு ரிங் சரியாக இருந்தது. மேற்கு ரிங்கின் முன்விளிம்பு, பையன்கள் தொங்கித் தொங்கி, 2.97 மீட்டருக்கு இறங்கியிருந்தது. ரிங்கின் உயரத்தை ஒரே இடத்தில் அளந்தால் இது பிடிபடாது. முன்விளிம்பு, இடம், வலம் என்று மூன்று இடத்தில் டேப் வைக்க வேண்டும். எட்டு சென்டிமீட்டர் சின்ன வித்தியாசம்தான் என்று விடக் கூடாது. சரிந்த ரிங்கில் முன்பக்கம் பட்ட பந்து உள்ளே உருளாமல் வெளியே வழிகிறது. போர்டில் ரிங்கைப் பிடித்திருக்கும் நான்கு போல்ட்டுகளையும் தளர்த்தி, பின்தகட்டின் கீழ்ப்பக்கம் வாஷர் கொடுத்து முடுக்கினால் சரிவு ஓரளவு நிமிரும். தகடே வளைந்திருந்தால் ரிங்கை மாற்றுவது தவிர வழியில்லை.

கோடுகள் தனிக் கதை. தரையில் ரிங்குக்குக் கீழே இருந்தது பழைய கட்டம்: ஃப்ரீ த்ரோ (ஃபவுலுக்காகத் தரும் தனி எறிதல்) கோட்டில் 3.60 மீட்டரும் கடைக்கோட்டில் 6 மீட்டருமாக விரியும் சரிவகக் கட்டம், 6.25 மீட்டரில் மூன்று புள்ளிக் கோடு. உலகக் கூடைப்பந்து அமைப்பான ஃபீபா 2010-ல் இதை 4.90 மீட்டர் அகலச் செவ்வகமாகவும் 6.75 மீட்டர் கோடாகவும் மாற்றிவிட்டது. பள்ளித் தரைகளில் பல இன்னும் பழையபடியேதான் இருக்கின்றன. கட்டத்துக்குள் மூன்று விநாடிக்கு மேல் நின்றதற்கு விசில் அடித்தபோதெல்லாம் ஊர்ப் பையன்கள் "நான் பெயிண்டுக்கு வெளில சார்" என்றார்கள். அவர்கள் மனதில் செவ்வகம், தரையில் சரிவு. இருக்கும் கோட்டுக்கே ஆடுவது என்று முன்கூட்டியே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். புதிதாகப் போடுவதானால் சுண்ணாம்புத் தூளைக் கொட்டி இழுக்கக் கூடாது. சிமெண்டில் அது ஷூவின் அடியில் ஒட்டி வழுக்கும். ஐந்து சென்டிமீட்டர் அகல மாஸ்கிங் டேப்பை இரண்டு வரிசை ஒட்டி, நடுவில் வெளிப்புற எமல்ஷன் பெயிண்டை ஒரு கை இழுத்துவிட்டால், வெயிலில் சீக்கிரமே காய்ந்துவிடும்.

கம்பம் கடைக்கோட்டுக்கு வெளியே ஒரு மீட்டரில் நின்றது. விதிப்படி இரண்டு மீட்டராவது தள்ளி நிற்க வேண்டும், தரையிலிருந்து 2.15 மீட்டர் உயரம் வரை மெத்தை சுற்றியிருக்க வேண்டும். இங்கே ஒன்றும் சுற்றவில்லை. ஒருவரும் மோதவில்லை என்பது அதிர்ஷ்டம். ஒரு பழைய ஃபோம் மெத்தையை மடித்து, சணல் கயிற்றால் நான்கு இடத்தில் இறுக்கிக் கட்டப் பதினைந்து நிமிடம்கூட ஆகாது. ஆசிரியர்கள் லே-அப் (ஓடிவந்து ரிங்குக்குப் பக்கத்தில் எகிறிப் போடுவது) போட்டபின் நிற்கத் தெரியாமல் நேராக ஓடுவார்கள் என்பதால் இந்த வேலையைத் தவிர்க்கவே கூடாது.

பந்து மட்டும் சரியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. ஏழாம் எண் பந்துக்குப் பதில் ஆறாம் எண். சுற்றளவு மூன்று சென்டிமீட்டர் போலக் குறைவு, எடையும் குறைவு. மூன்று ஆசிரியைகளுக்காக எடுத்த முடிவு ஆண் ஆசிரியர்களுக்கும் உதவியது. கை பழகாதவர்களுக்குச் சின்னப் பந்து பிடிபடும், விரல் மடங்குவதும் குறைவு. மதியம் காற்றடித்து ஆஸ்பெஸ்டாஸ் கூரை அறையில் வைத்த பந்து சூட்டில் கல்லாகிவிடும் என்பதால், ஆட்டத்துக்கு முன் சோதித்தே தீர வேண்டும்: 1.80 மீட்டர் உயரத்திலிருந்து விட்டால் பந்தின் மேல்பாகம் 1.20 முதல் 1.40 மீட்டருக்குள் எழ வேண்டும். அதற்கு மேல் எழுந்தால் ஊசி போட்டுக் கொஞ்சம் காற்றை இறக்க வேண்டும்.

முதல் பகுதி: பத்து நிமிடம், இருபத்து நான்கு நிமிடம்

நாலரைக்கு ஆரம்பம் என்று சொல்லியிருந்தார்கள். பொன்னாடை, வரவேற்பு எல்லாம் முடிந்து பந்து மேலே போனபோது 4.50. விதிப்புத்தகப்படி பத்து நிமிடம், விசில் அடிக்கும்போதெல்லாம் கடிகாரம் நிற்கும். பழகாத ஆட்கள் ஆடும்போது விசில் ஓயாது. அந்தப் பத்து நிமிடம் முடிய இருபத்து நான்கு நிமிடம் ஆனது. செப்டம்பர் தொடக்கத்தில் வேலூரில் ஆறே கால் மணிச் சுமாருக்குச் சூரியன் மறைகிறது. இதே வேகத்தில் நான்கு பகுதியும் ஆடினால் கடைசிப் பகுதி இருட்டில்தான்.

ஸ்கோர் ஷீட்டை வைத்துப் பார்த்தால், ஆசிரியர் அணிக்கு அந்தப் பகுதியில் 19 முறை பந்து கிடைத்தது. அதில் 11 முறை ரிங்கை நோக்கி எறியவே இல்லை. ஆறு முறை நடுக்கோட்டைத் தாண்டுவதற்குள் பறிபோனது. நான்கு டிராவலிங், அதாவது பந்தைத் தட்டாமல் கூடுதல் எட்டு வைத்தது. ஒரு முறை உள்ளே எறிய ஆள் கிடைக்காமல் ஐந்து விநாடி தாண்டியது. மிச்ச எட்டு முறையில் இரண்டு கூடை. "நம்மாளுங்களுக்கு ஷூட்டிங் வரல" என்று பார்வையாளர் பக்கத்தில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். குறை ஷூட்டிங்கில் இல்லை. நடுக்கோட்டுக்கு முன்னால் பறிபோன அந்த ஆறு பந்துகளில் ஐந்து அப்படியே லே-அப் ஆகி, ஊர் அணியின் 19 புள்ளிகளில் பத்து அங்கிருந்தே வந்தது.

ஊர் அணி யாரையும் அவமானப்படுத்த நினைக்கவில்லை. காலை ஆட்டத்தில் பழகிய முழுத்தரை பிரஸ்ஸை, அதாவது எதிரணியை அதன் பாதியிலேயே நெருங்கி மறிப்பதை, அதே பழக்கத்தில் போட்டார்கள். உள்ளே எறியப்பட்ட பந்தை வாங்கியவர் பக்கக்கோட்டை ஒட்டித் திரும்புகிறார், இரண்டு பேர் வந்து மூடுகிறார்கள், அவர் பந்தைத் தலைக்கு மேல் தூக்கி, குறுக்கே நீளமாக எறிகிறார். அந்தப் பந்து காற்றில் மிதந்து போகும், மூன்றாவது ஆள் நடந்துபோயே எடுத்துக்கொள்ளலாம். பிரஸ்ஸை உடைக்க நடுத்தரையில் ஓர் ஆள் நிற்க வேண்டும், பாஸ் குட்டையாகப் போக வேண்டும். சேர்ந்து பயிற்சி செய்யாத ஐந்து பேருக்கு அது ஆட்டத்தின் நடுவில் வராது.

டிராவலிங் பற்றி வாக்குவாதம் வேறு. நடுவராக இருந்தது அதே பள்ளியின் பி.இ.டி. (உடற்கல்வி) ஆசிரியரும் பக்கத்துப் பள்ளிப் பி.இ.டி. ஆசிரியரும். தலைமை ஆசிரியர் படித்த காலத்தில் ஆட்டம் இருபது நிமிடம் வீதம் இரண்டு பாதி, ஒருமுறை பந்து கிடைத்தால் எறிய முப்பது விநாடி. நான்கு பத்து நிமிடமும் 24 விநாடியும் 2000-ல் வந்தவை. ஓடிக்கொண்டே பந்தைப் பிடிக்கிறவர் பிடித்தபின் இரண்டு எட்டு வைக்கலாம் என்று தெளிவாக எழுதப்பட்டது 2017-ல். ஊர்ப் பையன் பிடித்த நொடியில் ஊன்றியிருந்த காலோடு சேர்த்து மூன்றாக வைத்தபோது விசில் வரவில்லை. "அது டிராவலிங் இல்லையா?" என்று தலைமை ஆசிரியர் கேட்டது அவர் கற்ற விதிப்படி நியாயம்தான். நின்ற இடத்தில் பந்தை வாங்கி, பிவட் காலை (தரையில் ஊன்றியே இருக்க வேண்டிய கால்) தூக்கிவிட்டு அப்புறம் பந்தைத் தட்டிய ஆசிரியர்களுக்கு விசில் வந்ததும் இன்றைய விதிப்படி நியாயம்தான். ஆனால் விதி மாறியது தெரியாதவர்களுக்கு இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒருபக்க நடுவர்த்தனமாகத்தான் தெரியும்.

கெண்டைக்கால்

கணக்கு ஆசிரியர் முதல் நிமிடத்திலிருந்து வெளியே வரவில்லை. கடிகாரத்தில் ஏழாவது நிமிடம், உண்மையில் பதினாறு நிமிடம் கழிந்திருந்தது. ஆசிரியர் அணி எறிந்த பந்து ரிங்கில் பட்டு நீளமாகத் தெறித்தது. ஊர் அணி எடுத்து ஓடியது. நின்றுகொண்டிருந்த அவர் சட்டென்று திரும்பி, இடது முன்னங்காலை ஊன்றித் தள்ளி ஓட்டம் எடுத்தார். மூன்றாவது எட்டில் நின்றுவிட்டார். பின்னால் யாராவது உதைத்தார்களா என்று திரும்பிப் பார்த்தார். பின்னால் யாரும் இல்லை.

நாற்பது வயதைத் தாண்டியவர்கள் எப்போதாவது ஆடும் கூடைப்பந்தில் வருகிற காயத்துக்கு இது பாட உதாரணம். நின்ற நிலையிலிருந்து பாய்வது, குளிர்ந்த கெண்டைச் சதை, களைப்பு மூன்றும் ஒரே விநாடியில் சேர்கின்றன. "யாரோ உதைத்த மாதிரி" என்று சொன்னாலே முதலில் பார்க்க வேண்டியது குதிகால் நாண் அறுந்திருக்கிறதா என்பதை. பி.இ.டி. ஆசிரியர் சரியாகச் செய்தார்: பெஞ்சில் குப்புறப் படுக்க வைத்து, பாதம் விளிம்புக்கு வெளியே தொங்கும்படி விட்டு, கெண்டைச் சதையைக் கையால் அமுக்கினார். பாதம் கீழ்நோக்கி அசைந்தது. அசையாமல் போயிருந்தால் அது நாண் அறுந்ததற்கான அறிகுறி, நேரே ஆஸ்பத்திரிக்குத்தான். குதிகாலுக்கு மேலே விரல் வைத்துப் பார்த்ததில் பள்ளமும் தட்டுப்படவில்லை. சதையின் நடுப்பகுதியில் மட்டும் வலி.

இதற்குள் ஒருவர் தைலத்தை எடுத்துக்கொண்டு வந்து நீவிவிட உட்கார்ந்துவிட்டார். நம் பக்கத்தில் சுளுக்கு என்றாலே நீவுவதும் ஒத்தடம் கொடுப்பதும் கைவந்த பழக்கம். கிழிந்த சதைக்கு முதல் இரண்டு நாள் அவை இரண்டுமே கெடுதல், உள்ளே ரத்தக்கசிவு கூடும். துண்டில் சுற்றிய ஐஸ் பதினைந்து இருபது நிமிடம், பாதத்திலிருந்து முழங்கால் வரை கிரேப் பேண்டேஜ், காலைத் தூக்கி நாற்காலியில் வைப்பது, இவ்வளவுதான் அப்போதைக்கு. பேண்டேஜ் கட்டியபின் கால்விரல் நகத்தை அழுத்திவிட்டால் உடனே நிறம் திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் கட்டு இறுக்கம்.

வலி எழுந்ததே களைப்பில். அவர் ஏன் பதினாறு நிமிடம் வெளியே வரவில்லை என்பதுதான் இந்த ஆய்வின் மையமான கேள்வி. மாற்று ஆட்கள் ஆறு பேர் பெஞ்சில் இருந்தார்கள். யாரை வெளியே அழைப்பது என்று அவர்களில் மூத்தவருக்கே தயக்கம். வேலைக்குச் சேர்ந்து மூன்று வருடமான ஆசிரியர், இருபத்தைந்து வருட சர்வீஸ் உள்ளவரைப் பார்த்து "சார், நீங்க வாங்க, நான் போறேன்" என்று சொல்ல முடியாது. அவரும் மாணவர்கள் பார்க்கும்போது தானாக வெளியே வர மாட்டார். தலைமை ஆசிரியர் விஷயத்தில் இது இன்னும் கடினம். ஆசிரியர் அறையின் வரிசை அப்படியே தரைக்கு வந்துவிடுகிறது.

மேசையில் எடுத்த முடிவுகள்

பகுதி இடைவேளை பன்னிரண்டு நிமிடம் நீண்டது. அதில் இரண்டு நடுவரும் இரண்டு அணித்தலைவர்களும் பேசி முடித்தவை இவை.

மாற்று ஆட்களைக் கடிகாரம் தீர்மானிக்கும். ஆசிரியர் அணியில் மிச்சமிருந்த பத்துப் பேரை இரண்டு ஐவராகப் பிரித்துத் தாளில் எழுதி மேசையில் ஒட்டினார்கள். ஒவ்வொரு நான்கு நிமிடத்துக்கும் நேரக்காப்பாளர் மணி அடிப்பார், அடுத்து ஆட்டம் நின்றதும் ஐந்து பேரும் மாற வேண்டும். யாரும் யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. மணி கூப்பிடும். தலைமை ஆசிரியர் முதல் மணிக்கே நடந்து வெளியே வந்ததும் மற்றவர்களுக்குத் தயக்கம் போய்விட்டது. எடுத்த முடிவுகளில் மதிப்பு மிக்கது இதுதான் என்பது எங்கள் கருத்து. ஐவரைப் பிரிக்கும்போது ஆடத் தெரிந்த மூவரையும் ஒரே பக்கம் போட்டுவிடக் கூடாது. ஓர் ஐவரில் ஒருவர், இன்னொன்றில் இருவர் என்று பிரித்தார்கள்.

நடுக்கோட்டுக்கு முன்னால் மறிக்கக் கூடாது. ஊர் அணி பந்தை இழந்ததும் தன் பாதிக்குப் போய் நின்றுகொள்ளும். ஆசிரியர்களுக்கு எட்டு விநாடிக்குள் நடுக்கோட்டைத் தாண்ட வேண்டும் என்ற விதி மட்டும் உண்டு. இதனால் ஊர் அணியின் தரம் குறையவில்லை. எதிரணி எறிவதற்கு முன்பே பறிக்கும் ஒரு வாசல் மட்டும் மூடப்பட்டது. ஆசிரியர் கூடைக்கு மூன்று புள்ளி, ஆரம்பத்திலேயே பத்துப் புள்ளி சலுகை என்றெல்லாமும் பேச்சு வந்தது. தலைமை ஆசிரியர் மறுத்தார், அது சரிதான். சலுகைப் புள்ளி ஸ்கோரை மாற்றும், ஆட்டத்தை மாற்றாது. பறிகொடுத்துவிட்டுத் திரும்பி ஓடும் அந்த ஓட்டம்தான் காலை உடைக்கிறது. அதை நிறுத்துவது பிரஸ் தடை ஒன்றுதான்.

எட்டு நிமிடப் பகுதி, ஓடும் கடிகாரம். நிற்பது டைம்-அவுட்டுக்கும் காயத்துக்கும் நான்காம் பகுதியின் கடைசி இரண்டு நிமிடத்துக்கும் மட்டும். 24 விநாடிக் கடிகாரம் இல்லாததால், பந்தைச் சும்மா வைத்துக்கொண்டிருந்தால் நடுவர் கையைத் தூக்கி வாய்விட்டுப் பத்து எண்ணுவார்.

டிராவலிங்குக்கு ஆளுக்கு ஒருமுறை எச்சரிக்கை, அதன்பின் விசில். உடல் உரசலுக்கு எச்சரிக்கையே கிடையாது, முதல் தடவையே ஃபவுல். நட்பு ஆட்டத்தில் பெரும்பாலும் தலைகீழாகச் செய்கிறார்கள்: எட்டு எண்ணுவதில் கண்டிப்பு, தள்ளுவதில் "பரவால்ல, ஃப்ரெண்ட்லிதானே". கூடுதலாக ஓர் எட்டு வைத்தால் யாருக்கும் அடிபடாது. எகிறிய ஆளின் கீழே கால் வைத்தால் கணுக்கால் போய்விடும்.

இதோடு மோதிரம், வளையல், கைக்கடிகாரம் எல்லாம் ஒரு டப்பாவுக்குள் போயின. துப்பட்டாவை ஆசிரியைகள் முன்பே கழற்றி வைத்திருந்தார்கள். ஓடும் ஷூ போட்ட இருவரைத் தட்டையான அடியுள்ள கேன்வாஸுக்கு மாற்றச் சொன்னார்கள். முன்னோக்கி ஓடுவதற்கான ஷூவின் உயர்ந்த குதிகால், பக்கவாட்டில் நகரும்போது கணுக்காலைப் புரட்டிவிடும்.

ஜோனும், அதன் ஓட்டைகளும்

இரண்டாம் பகுதியிலிருந்து ஆசிரியர் அணி 2-3 ஜோன் போட்டது. ஆளுக்கு ஆள் பிடித்தால் இருபது வயதுக்காரன் போகுமிடமெல்லாம் ஓட வேண்டும். ஜோனில் நிற்கும் இடத்தைச் சுற்றி இரண்டு மூன்று எட்டுதான். ஃப்ரீ த்ரோ கோட்டின் இரு முனையிலும் இருவர், ரிங்குக்கு இடமும் வலமும் இருவர், நடுவில் உயரமான ஒருவர். ஐந்து பேருக்கும் சொல்லிக்கொடுத்தது இவ்வளவுதான்: கை இரண்டும் தோளுக்கு மேல், முகம் பந்தைப் பார்த்து, பந்து போகிற பக்கம் எல்லோரும் சேர்ந்து நகர வேண்டும். இரண்டாம் பகுதியில் ஊர் அணி பத்தே புள்ளி எடுத்ததற்கு இதுதான் காரணம். உள்ளே புக வழியில்லாமல் வெளியிலிருந்தே எறிந்தார்கள்.

மூன்றாம் பகுதியில் ஊர் அணி ஓட்டையைக் கண்டுபிடித்தது. மூலையில் ஒருவர், ஃப்ரீ த்ரோ கோட்டின் நடுவில் ஒருவர். மூலைக்குப் பந்து போனதும் கீழ்வரிசை ஆசிரியர் வெளியே வர வேண்டும். அவர் வந்தால் நடுவில் இருப்பவர் அந்த இடத்துக்குச் சரிய வேண்டும். அந்த இரண்டாவது நகர்வு நடக்கவில்லை. அதோடு ரீபவுண்ட், அதாவது உள்ளே போகாமல் தெறிக்கும் பந்தை எடுப்பது. ஜோனில் யாருக்கும் சொந்தமாக ஓர் ஆள் கிடையாது என்பதால், பந்து எறியப்பட்டதும் ஐவரும் ரிங்கை அண்ணாந்து பார்த்து நின்றார்கள். பின்னாலிருந்து பையன்கள் எகிறி எடுத்தார்கள். 12-7 அப்படி வந்தது.

நான்காம் பகுதிக்கு முன் பக்கத்துப் பள்ளிப் பி.இ.டி. ஆசிரியர் ஒரே ஒரு திருத்தம் சொன்னார்: எறிந்த சத்தம் கேட்டதும் ரிங்கைப் பார்க்க வேண்டாம், திரும்பிப் பக்கத்தில் யார் இருக்கிறார்களோ அவர் மேல் முதுகைச் சாய்த்து நில்லுங்கள், பந்து தானாக விழும். நடுவர் ஓர் அணிக்கு யோசனை சொல்வது முறையல்லதான். ஊர் அணித் தலைவர் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டே இருந்தார், ஆட்சேபிக்கவில்லை.

தாக்குதலிலும் ஒரு மாற்றம். சமூக அறிவியல் ஆசிரியைக்கு முதல் பகுதியில் பந்தே வரவில்லை. ஆண் ஆசிரியர்கள் தங்களுக்குள்ளேயே தூக்கிப்போட்டுக்கொண்டிருந்தார்கள். கல்லூரி அணியில் ஆடிய ஒருவரை மூலையில் நிற்கவைத்துவிட்டு, முதன்முதலாகப் பந்தைத் தொட்டவர் மூன்று பேர் நடுவில் எறிந்துகொண்டிருந்தார்கள். நான்காம் பகுதியில் அவரை ஃப்ரீ த்ரோ கோட்டின் வலது முனையில் நிறுத்தி, பந்து முதலில் அவர் கைக்குப் போக வேண்டும் என்று வைத்துக்கொண்டார்கள். ஊர்ப் பையன்கள் நெருங்கவில்லை. "மிஸ்ஸு" என்று ஓர் எட்டு தள்ளியே நின்றார்கள். அவர் இரண்டு கையாலும் பந்தை நெற்றிக்கு மேல் கொண்டுபோய், முழங்காலை மடக்கி, ஒரே வீச்சில் விட்டார். நான்கு உள்ளே போயின. ஐந்தாவது முறை நெருங்கி வந்து கை தூக்கியவனைப் பார்த்ததும், ரிங்குக்குக் கீழே தனியாக நின்ற கணினி ஆசிரியருக்கு ஒரு பவுன்ஸ் பாஸ். பிரஸ் தடையும் ஜோனும் ஆட்டத்தைத் தாங்கிப் பிடித்தன, வென்ற பகுதியை வென்று தந்தது அவர்.

ஸ்கோர் ஷீட்

மேசையில் இருந்தது பதினோராம் வகுப்பு மாணவர்கள் நால்வர். முதல் பகுதியில் ஷீட்டும் போர்டும் இரண்டு புள்ளி வித்தியாசம் காட்டின. காரணம் எளிது: ஆசிரியர்களின் சட்டையில் எண் இல்லை. "கெமிஸ்ட்ரி சார் போட்டது" என்று எழுத வரிசை கிடையாது. பயிற்சி ஜாக்கெட் ஒரு செட் பி.இ.டி. அறையிலேயே பூட்டிக் கிடந்தது. மார்க்கரால் 4 முதல் 14 வரை எண் எழுதிப் போட்டதும் சரியாயிற்று. தாளில் எழுதிச் சேஃப்டி பின் குத்துவது வேண்டாம், மோதலில் பின் திறந்துகொள்ளும்.

மேசையாட்களுக்கு அரை மணி பயிற்சி போதும். களக்கூடை என்றால் ஓடும் ஸ்கோர் எண்ணின் மேல் சாய்கோடு, பக்கத்தில் ஆட்டக்காரர் எண். ஃப்ரீ த்ரோ என்றால் நிறைத்த வட்டப் புள்ளி. மூன்று புள்ளி என்றால் ஆட்டக்காரர் எண்ணைச் சுற்றி வட்டம். ஓர் அணியின் ஐந்தாவது ஃபவுலிலிருந்து அந்தப் பகுதியில் எதிரணிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ என்பதால், அணி ஃபவுல் கட்டத்தை ஒவ்வொரு விசிலுக்கும் வாய்விட்டுச் சொல்லி அடிக்க வேண்டும். ஒவ்வொரு கூடைக்குப் பின்னும் ஷீட் எழுதுகிறவர் ஸ்கோரை உரக்கச் சொல்ல, போர்டு மாற்றுகிறவர் திரும்பச் சொல்வது என்று வைத்துக்கொண்டால் தப்பு நேராது. இரண்டாம் பகுதியிலிருந்து அப்படித்தான் நடந்தது.

தண்ணீரும் பிறகும்

இருபது லிட்டர் கேன் இரண்டு வைத்திருந்தார்கள், போதுமானது. நீர்மோரில் உப்பு சரியாக இருந்தது. ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை மட்டும் ஒரு டம்ளரில் கரைத்துக் கொடுத்தார்கள். ஒரு லிட்டருக்கான பாக்கெட்டை ஒரு லிட்டரில்தான் கரைக்க வேண்டும், இல்லையென்றால் வயிறு புரட்டும். ஆசிரியர் அணியில் இருவர் சர்க்கரைக்கும் மூவர் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை எடுப்பவர்கள் என்பது ஆட்டம் முடிந்த பிறகு பேச்சோடு பேச்சாகத்தான் தெரிந்தது. பெயர்ப்பட்டியல் எழுதும்போதே ஒருவர் தனியாகக் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டிய விவரம் இது. சர்க்கரை மாத்திரைக்காரர் மதியம் சாப்பிட்டுவிட்டு வந்தாரா என்று கேட்பதும், மேசையில் குளுக்கோஸ் வைத்திருப்பதும், படபடப்பு, வியர்வை, தடுமாற்றம் தெரிந்தால் மூன்று டீஸ்பூன் கரைத்துக் கொடுப்பதும் நேரக்காப்பாளரின் பொறுப்பிலேயே சேர்க்கலாம். மார்பு இறுக்கம், இடது கை வலி, தலைசுற்றல் என்று யார் சொன்னாலும் உட்கார வைத்து உடனே 108. "கொஞ்சம் காத்தாட உக்காருங்க, சரியாப்போகும்" என்று ஆட்டத்தைத் தொடரக் கூடாது.

வார்ம்-அப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அன்று அது நடக்கவில்லை. பொன்னாடை நேரத்தில் பத்து நிமிடம் ஒதுக்கியிருந்தால் போதும்: மூன்று நிமிடம் மெதுவான ஓட்டம், இரண்டு நிமிடம் பக்கவாட்டு நகர்வு, படிக்கட்டு விளிம்பில் குதிகாலை இறக்கி ஏற்றுவது பதினைந்து தடவை, கடைசியில் பாதி வேகத்தில் ஐந்தாறு லே-அப்.

கணக்கு ஆசிரியர் மூன்று வாரம் ஓடாமல் இருந்து, பிறகு நடைக்குத் திரும்பினார். மேற்கு ரிங்குக்கு வாஷர் போட்டாயிற்று. அடுத்த ஆட்டத்துக்கான தாள் இப்போதே தயாராகிப் பி.இ.டி. அறைக் கதவில் ஒட்டியிருக்கிறது: நான்கு நிமிட மணி, பிரஸ் தடை, ஆறாம் எண் பந்து, முதல் பாதியில் ஊர் அணி மேற்கு ரிங்கைப் பார்த்து.